அது முறைப்பாடு இல்லை, யோசனை

பதுளையில் ஒரு ஹோட்டல் மண்டபம். ஒரு கம்பனி நடத்திய ஒருநாள் செயலமர்வு. தலைப்பு, 'வியாபார அணிகளில் படைப்பாக்கச் சிந்தனையும் புத்தாக்கமும்'. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இலவசம், பகல் சாப்பாடும் உண்டு என்றார்கள். எங்களில் நாலு பேர் போனோம். கலைப்பீடத்தில் படிக்கிற உங்களுக்கு வியாபாரத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். உண்மையைச் சொன்னால் பாதி சாப்பாட்டுக்காகத்தான் போனோம்.

பயிற்றுநர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். நல்ல மனிதர், நன்றாகப் பேசினார். ஆளுக்கொரு கட்டு மஞ்சள் ஒட்டுச்சீட்டுக் கொடுத்தார். "உங்க தோட்டத்துல எத மாத்தினா தொழில் நல்லா நடக்கும்? மனசுல வர்றத எழுதுங்க. இங்க பிழையான ஐடியான்னு ஒண்ணு கிடையாது" என்றார். எழுதினோம், சுவரில் ஒட்டினோம். எங்களில் ஒருத்தி எழுதியது இது: 'கொழுந்து நிறுக்கிற நேரம் தராசு காட்டுற கணக்க, எடுத்த ஆளும் பாக்கிற மாதிரி வைக்கணும்.'

அவர் ஒவ்வொரு சீட்டாக வாசித்துக்கொண்டு வந்தவர், இதில் நின்றார். பின்வரிசையில் இருந்த தோட்ட அதிகாரியை ஒரு தடவை பார்த்தார். "இது முறைப்பாடு தங்கச்சி, ஐடியா இல்ல" என்று சிரித்துக்கொண்டே சீட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். அடுத்த சீட்டில் 'தேயிலை பக்கெட்டில் கியூஆர் கோட் போடலாம்' என்று இருந்தது. அதற்குக் கைதட்டல் கிடைத்தது.

கழற்றப்பட்ட அந்தச் சீட்டுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் பக்கம் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கேட்கிற ஒரு வசனம் உண்டு. 'தோட்டத்து ஆட்கள் பழக்கத்த விடமாட்டாங்க, புதுசா யோசிக்கமாட்டாங்க.' இதைக் கம்பனிக்காரர்கள் சொல்வார்கள், அரசு உத்தியோகத்தர்கள் சொல்வார்கள், சில நேரம் படித்து மேலே வந்த எங்கள் ஆட்களே சொல்வார்கள். நாங்கள் சொல்வது வேறு. யோசனைக்கு இங்கே பஞ்சம் ஒருநாளும் இருந்ததில்லை. கீழே இருக்கிறவர் வாயிலிருந்து வந்தால் அதற்கு முறைப்பாடு என்று பெயர், மேலே இருக்கிறவர் வாயிலிருந்து வந்தால் புத்தாக்கம் என்று பெயர். இந்தப் பெயர்வைப்பு மாறாத வரைக்கும் எத்தனை செயலமர்வு வைத்தாலும் சாப்பாட்டுச் செலவுதான் மிச்சம்.

அந்தத் தராசுச் சீட்டையே எடுங்கள். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோக் கணக்குக் கழிப்பது பழைய வழக்கம். எவ்வளவு கழித்தார்கள் என்று எடுத்த ஆளுக்குத் தெரியாவிட்டால், அடுத்த நாள் அவர் என்ன செய்வார்? கழிக்கப்போவதை ஈடுகட்ட இரண்டு கிலோ கூடுதலாக, அவசரத்தில், முற்றின இலையையும் காம்பையும் சேர்த்துப் பறிப்பார். அந்த இலை ஸ்டோருக்குப் போனால் தூளின் தரம் இறங்கும். தராசைத் திருப்பி வைத்தால் சண்டை குறையும், நேரம் மிஞ்சும், நல்ல கொழுந்து வரும். செலவு? ஒரு சதமும் இல்லை. இதைவிடச் சுத்தமான ஒரு வியாபார யோசனையை எங்களுக்குக் காட்டுங்கள்.

ஊவாவில் 'புத்தாக்கம்' என்றாலே ஒரே கதைதான் வரும். ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைத் தோட்டம், 1890-ல் அதை வாங்கிய தோமஸ் லிப்டன், அவர் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லும் மேடு. அந்தச் செயலமர்விலும் மூன்று சிலைடு அவருக்குத்தான். லிப்டன் கெட்டிக்காரர் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. இடைத்தரகர்களைத் தள்ளிவிட்டு, தூளை நிறை அளந்த பக்கெட்டில் அடைத்து, ஏழைகளும் வாங்குகிற விலைக்கு விற்றது பெரிய விஷயம்தான். அதற்கு முன்னால் 1867-ல் கண்டிப் பக்கம் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அவருடைய முதல் 'ஸ்டோர்' அவர் பங்களா விறாந்தைதான். மேசையில் இலையைப் போட்டுக் கையாலேயே உருட்டினார்கள், களிமண் அடுப்பில் கரி போட்டு வாட்டினார்கள். இந்தக் கதையில் டெய்லருக்குப் பெயர் இருக்கிறது. உருட்டிய கைகளுக்குப் பெயர் இல்லை. எவ்வளவு அழுத்தினால் இலை நசுங்காமல் சாறு வரும் என்று அந்தக் கைகள்தானே முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டும்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்கு இருக்கிற மதிப்பு, ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் மலையில் அடிக்கிற வறண்ட காற்றினால் வருவது. அந்தக் காற்றில் செடி வாடித் தாக்குப்பிடிக்கிற நேரம் இலையில் ஒரு தனி வாசம் ஏறும். நோவுக்குப் பூசும் தைலத்தில் இருக்கிற மெத்தில் சலிசிலேற்றுத்தான் அந்த வாசத்திலும் இருக்கிறது என்கிறார்கள் விஞ்ஞானிகள். விஞ்ஞானம் படிக்காத எங்கள் அம்மாமார், இன்றைக்குக் காற்று மாறிவிட்டது, இந்தக் கொழுந்து வேற மாதிரி என்று விரலாலேயே சொல்லுவார்கள். அவர்களிடம் யாராவது கேட்டதுண்டா, எந்த மலையில் எந்த வாரம் அந்த வாசம் முதலில் வருகிறது என்று?

கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்து 'டீம்' கட்டப்பட்ட விதமே அப்படி. காலையில் பிரட்டுக்களத்தில் நிற்கவேண்டும். யார் எந்த மலைக்கு என்று மேலேயிருந்து சொல்லுவார்கள். தொரை, சின்னத் தொரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று கட்டளை படியிறங்கி வரும். அதே படியில் ஒரு பேச்சு ஏறிப்போக வழி வைக்கவில்லை. சொன்ன கிலோ வராவிட்டால் அரைப் பேர். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளத்தின் அடிப்படை 1,350 ரூபா என்று நிர்ணயித்தார்கள். அதிலேயே பாதி போய்விடும் என்கிற பயத்தில் நிற்கிற ஒருவரிடம் போய், 'சும்மா புதுசா யோசிச்சுப் பாருங்க' என்று சொல்வது எங்களுக்குக் கேலியாகத்தான் கேட்கிறது. யோசிக்க நின்ற நிமிஷத்துக்குச் செக்ரோலில் இடமில்லையே.

எங்களில் ஒருவனின் அம்மா ஒருமுறை கங்காணியிடம் கேட்டார். "அண்ணே, பகலுக்கு முந்தியே ஒருக்கா நிறுத்து லொறில ஏத்திட்டா என்ன? சாக்குல அமுக்கி வெயில்ல கெடந்து கொழுந்து செவந்து போகுதே." வந்த பதில்: "அதெல்லாம் தொரமாரு பாக்குற வேல. நீ கொழுந்த எடு புள்ள." அம்மா அதோடு விட்டுவிட்டார். மூன்று வருஷம் கழித்து அதே தோட்டத்தில் நிறுவை நேரம் மாறியது. புதிய தர மேம்பாட்டுத் திட்டமாம், யாரோ ஆலோசகர் வந்து எழுதிக் கொடுத்தாராம். அம்மா வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னார், "நாஞ் சொன்னத இங்கிலீசுல சொல்லியிருப்பாரு போல." நாங்களும் சிரித்தோம். பிறகு யோசித்தால் சிரிப்பு வரவில்லை. மூன்று வருஷக் கொழுந்து வீணாய்ப் போயிருக்கிறது. அதைவிட, அந்த அம்மா அதற்குப் பிறகு தோட்டத்தில் எதையும் யாரிடமும் சொன்னதில்லை. இந்த இழப்பு எந்த வருடாந்த அறிக்கையில் வரும்?

வெளி உலகத்தைப் பார்க்கச் சொல்லுகிறார்கள், பார்ப்போம். ஜப்பானில் டொயோட்டா கம்பனிக்காரர்கள் 1950-ல் அமெரிக்காவுக்குப் போய் ஃபோர்டு ஆலையில் தொழிலாளரிடம் யோசனை கேட்கும் முறையைப் பார்த்துவிட்டு வந்து, 1951-ல் தங்கள் ஆலையிலும் தொடங்கினார்கள். இன்றைக்கும் அது நடக்கிறது. யோசனைப் பெட்டி வைத்ததோடு அவர்கள் நிற்கவில்லை என்பதைத்தான் கவனிக்கவேண்டும். கார் பூட்டுகிற வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் பிழையொன்றைக் கண்டால் பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடிவருவார், சரிப்பண்ண முடியாவிட்டால் வரிசையே நிற்கும். இழுத்தவருக்குத் திட்டு விழாது. எங்கள் அம்மாமார் யாராவது 'இந்தத் தராசு பிழை' என்று நிறுவையை நிறுத்த முடியுமா? நிறுத்தினால் அடுத்த நாள் எந்த மலைக்கு அனுப்பப்படுவார் என்று தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும்.

நாலு பேரைக் கூட்டி வைத்து மனதில் வருவதையெல்லாம் சொல்லவைக்கும் முறையைப் பிரபலமாக்கியவர் அலெக்ஸ் ஒஸ்போர்ன் என்கிற அமெரிக்க விளம்பரக்காரர். 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். கூட்டமாக உட்கார்ந்து யோசித்தவர்களைவிட, அதே எண்ணிக்கை ஆட்கள் தனித்தனியாக யோசித்துப் பிறகு சேர்த்தபோதுதான் கூடுதல் யோசனை கிடைத்தது. கூட்டத்தில் உரத்துப் பேசுகிறவர் பேச்சே எடுபடும், மற்றவர் வாயை மூடிக்கொள்வார். தொரை பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் என்ன நடக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

ஏமி எட்மண்ட்சன் என்கிற ஆய்வாளர் ஆஸ்பத்திரி அணிகளை ஆராய்ந்தார். நல்ல அணிகளில் பிழை குறைவாக இருக்கும் என்று நினைத்துத்தான் தொடங்கினார். கணக்கெடுத்தால் நல்ல அணிகளில்தான் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அவர் கொடுத்த விளக்கம், அங்கே பிழை கூடுதலாக நடக்கவில்லை, நடந்ததைப் பயமில்லாமல் சொன்னார்கள் என்பது. அப்படியென்றால் முறைப்பாடே வராத தோட்டம் நல்ல தோட்டம் இல்லை, வாய் பூட்டிய தோட்டம்.

மேலேயிருந்து மட்டும் வந்த 'புத்தாக்கம்' எப்படி இருக்கும் என்பதை நாங்கள் எல்லாரும் 2021-ல் பார்த்தோம். ஏப்ரலில் அறிவிப்பு, மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. நாடே ஒரே நாளில் சேதன விவசாயத்துக்கு மாறவேண்டுமாம். மலையில் நிற்கிறவரிடம் கேட்டிருந்தால், பசளை இல்லாமல் பழகாத செடி எத்தனை மாதத்தில் சோரும் என்று சொல்லியிருப்பார். கேட்கவில்லை. நவம்பரில் தடையைத் திருப்பி எடுத்தார்கள். 2021-ல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி, 2022-ல் 251 மில்லியன் அளவுக்கு இறங்கியது. பொருளாதார நெருக்கடியும் அதில் சேர்ந்துகொண்டது உண்மைதான். ஆனால் பசளையில்லாத செடிக்கு முன்னால் நின்று கிலோ காட்டவேண்டி இருந்தது யார்? இறங்கிய கிலோவுக்கு அரைப் பேர் வாங்கியது யார்?

'கேட்டுச் செய்யுறதெல்லாம் தோட்டத்துல சரிவராது' என்பார்கள். இங்கே நாங்கள் பதுளையின் சொந்தக் கதையொன்றைச் சொல்லவேண்டும். லிப்டனுக்கு மூன்று சிலைடு போட்ட அந்தச் செயலமர்வில் இதற்கு அரை வரிகூட இல்லை.

1940. ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்த வருஷம். வேலைநிறுத்தம் மலைநாடு முழுக்கப் பரவி ஊவாவுக்கும் வந்தது. இங்கே வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர்கள், வேலையை நிறுத்தியதோடு இருந்துவிடாமல் தங்களுக்குள் வாக்கெடுத்து ஒரு சபையைத் தெரிந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கலந்துதான் தோட்டத்தை நடத்துவேன் என்று தோட்டத் துரையும் ஒப்புக்கொண்டார். யோசித்துப் பாருங்கள். வெள்ளைக்காரன் ஆட்சி, யுத்தகாலம், கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் நிறைந்த லயங்கள். அந்த இடத்தில் தொரையும் தொழிலாளியும் ஒரே மேசையில் பேசுகிற ஒரு முறையை உண்டாக்கினார்கள். எங்கள் கணக்கில் ஊவாவில் நடந்த மிகப் பெரிய முகாமைத்துவப் புத்தாக்கம் அதுதான். ஆயுதத்தோடு வந்த பொலிஸ்காரரின் ஆயுதத்தையே பிடுங்கினார்கள் என்று அந்தக் கால இடதுசாரிகளின் வரலாறு சொல்கிறது. பிறகு அடக்குமுறை வந்தது. வெள்ளமும் வந்து ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் துண்டித்தது. போராட்டம் ஒடுக்கப்பட்டது. எட்டு வருஷத்தில், 1948-ல், அந்த மக்களின் குடியுரிமையே பறிக்கப்பட்டது. வாயைத் திறந்தவர்களை நாட்டுக்கே ஆளில்லை என்று ஆக்கிவிட்டு, இன்றைக்கு வந்து ஏன் பேசமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டால் எப்படி?

சிலர் சொல்வார்கள், பங்குகளைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று. மூணாறில் 2005-ல் டாடா நிறுவனம் தோட்டங்களைப் புதிய கண்ணன் தேவன் கம்பனியிடம் கொடுத்தபோது, தொழிலாளர்களையே பங்குதாரர்களாக ஆக்கினார்கள். நல்ல முயற்சி, மறுக்கவில்லை. பத்தே வருஷத்தில், 2015 செப்டெம்பரில், அதே கம்பனியின் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் எங்களைப் போலத் தமிழ்ப் பெண்கள். 20 வீதமாக இருந்த போனஸைப் பத்தாகக் குறைத்ததை ஏற்காமல், ஒன்பது நாள் போராடி 20 வீதத்தை வாங்கினார்கள். ஆண் தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் விடவில்லை. 'பெண்கள் ஒற்றுமை' என்று அர்த்தம் வரும் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. காகிதத்தில் முதலாளி, மலையில் வாயில்லாத ஆள் என்றால் பங்கு மட்டும் ஒன்றும் செய்யாது என்பதை அவர்கள் காட்டிவிட்டார்கள்.

இங்கேயும் இப்போது கம்பனிகள் ஒரு புதிய முறையைப் பேசுகின்றன. செடிகளைப் பிரித்துக் குடும்பத்திடம் கொடுத்துப் பராமரிக்கச் சொல்லி, கொழுந்தைக் கம்பனி வாங்குகிற முறை. இதை நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்கவில்லை. தன் செடியைத் தானே பார்க்கிறவருக்கு யோசிக்க இடம் கிடைக்கலாம். கேள்வி இதுதான்: விலையை யார் தீர்மானிப்பது, பசளைச் செலவு யாருக்கு, ஈபிஎஃப், ஈடிஎஃப் என்ன ஆகும்? இவற்றில் அந்தக் குடும்பத்துக்குப் பேச்சுரிமை இருந்தால் அது புத்தாக்கம். நட்டத்தை மட்டும் லயத்துக்கு இறக்கிவிட்டு, முடிவுகளை பங்களாவிலேயே வைத்துக்கொண்டால் அது பழைய கொந்தரப்பு, புதுச் சட்டை.

சரி, என்னதான் வேண்டும் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை.

யோசிக்கிற நேரத்துக்குப் பேர் போடுங்கள். கிழமைக்கு ஒரு மணித்தியாலம், சம்பளத்தோடு, அந்தந்த மலையில் வேலை செய்கிறவர்கள் உட்கார்ந்து பேசட்டும். அந்த நேரம் தொரையும் கங்காணியும் அங்கே இருக்கவேண்டாம்.

முதலில் ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள், பிறகு கூட்டம் போடுங்கள். எழுத வராதவர் சொல்ல, நாங்கள் எழுதித் தருகிறோம். ஒவ்வொரு லயத்திலும் ஏ.எல். படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சொன்னவர் பெயரோடு பிரட்டுக்களத்தில் எழுதிப் போடுங்கள். ஏற்றால் எப்போது செய்வோம் என்று, ஏற்காவிட்டால் ஏன் என்று, ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லுங்கள். அந்த யோசனையால் மிஞ்சிய காசில் சொன்னவருக்கும் அவருடைய மலைக்கும் பங்கு வேண்டும்.

கடைசியாக, சொன்னதற்காக யாருக்கும் மலை மாறக்கூடாது, பேர் குறையக்கூடாது. இது இல்லாவிட்டால் முதல் மூன்றும் சும்மா.

'எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா?' என்று ஒரு கேள்வி வரும். கேட்காமல் நடத்திய 2021-ல் வேலை எப்படி நடந்தது என்று திருப்பிக் கேட்போம். 'அவங்களுக்குச் சந்தையப் பத்தி என்ன தெரியும்?' என்று இன்னொன்று வரும். தெரியாதுதான். கொழும்பு ஏலத்தில் தங்கள் தோட்டத்துத் தூள் என்ன விலைக்குப் போனது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லையே. சொல்லிப் பாருங்கள், பிறகு பேசலாம். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது, தேயிலைத் தொழில்நுட்பமும் மதிப்புக்கூட்டலும் அங்கே பட்டப்படிப்பு. சுற்றிலும் தேயிலை மலை, மலை நிறைய அதைப் பற்றித் தெரிந்த பெண்கள். அந்தப் படிப்பறையில் ஒரு தவணையாவது ஒரு கொழுந்தெடுக்கும் அம்மா வந்து பாடம் நடத்தட்டுமே. மதிப்பு அங்கேயும் கூடும்.

கல்லை மற்றவர் மேல் மட்டும் எறிவது நியாயமில்லை. எங்கள் பக்கமும் அழுக்கு இருக்கிறது. எங்கள் வாசகர் வட்டத்தில், மாணவர் சங்கத்தில், இந்தக் குழுவிலேயேகூட, நன்றாகப் பேசத் தெரிந்த இரண்டு பேர் முடிவெடுக்கிறோம். மற்றவர்கள் கதிரை அடுக்குகிறார்கள், தேத்தண்ணி ஊற்றுகிறார்கள். அதில் முக்கால்வாசி தங்கச்சிமார். முதலாம் வருஷப் பிள்ளை ஒன்று எழும்பிக் கேள்வி கேட்டால் 'குறை சொல்லாம வேலையப் பாருங்க' என்று நாங்களே சொல்லியிருக்கிறோம். கங்காணித்தனம் எங்கள் நாக்கிலும் ஒட்டியிருக்கிறது. இந்த மாதத்திலிருந்து எங்கள் கூட்டத்தில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் பேசுவார் என்று முடிவெடுத்திருக்கிறோம். எடுத்தது யார் என்று கேட்கிறீர்களா? முதலாம் வருஷப் பிள்ளை ஒன்று எழுதித் தந்த சீட்டு அது.

செயலமர்வு முடிந்து எல்லாரும் போன பிறகு, மேசையிலிருந்த அந்த மஞ்சள் சீட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். பசை காய்ந்துவிட்டது, இனி ஒட்டாது. அதனால்தான் இங்கே எழுதிப் போடுகிறோம்: கொழுந்து நிறுக்கிற நேரம் தராசு காட்டுற கணக்க, எடுத்த ஆளும் பாக்கிற மாதிரி வைக்கணும்.

உங்கள் தோட்டத்தில் இப்படிக் கழற்றி வைக்கப்பட்ட யோசனை என்ன? வீட்டில் அம்மாவிடம், அப்பாவிடம், பாட்டியிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும்போது 'ஐயோ, இது பழைய முறைப்பாடு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.